56 கோலுக்கு அப்புறம் என்ன? ஸ்ட்ரிங்கர், டேனிஹர், ஹோகன்: மூன்று சரிவு, மூன்று முடிவு

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலில் ஜேக் ஸ்ட்ரிங்கர் 2015 சீசனில் 56 கோல் அடித்தார். அப்போது வயது 21. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் வீரராக, அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியிலும் இடம் பிடித்தார். பந்து தரையில் தாறுமாறாகத் துள்ளிக்கொண்டிருக்கும், நாலு பேர் அதன் மேல் விழுவார்கள், அந்தக் குவியலிலிருந்து இவர் மட்டும் பந்தோடு வெளியே வருவார். கம்பம் எந்தப் பக்கம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காதவர் போல உடம்பைத் திருப்பி உதைப்பார், கோல். இனி பத்து வருடத்துக்கு ஃபார்வர்டு கவலை இல்லை என்று எந்த கிளப்பையும் நினைக்க வைக்கும் ஆட்டம் அது. அந்த 56-ஐ அவர் அதற்கப்புறம் எந்த சீசனிலும் எட்டவில்லை.

இதே ஸ்ட்ரிங்கர் வந்த 2012-ல்தான் ஜோ டேனிஹரும் ஜெஸ்ஸி ஹோகனும் இந்த ஆட்டத்தின் முதன்மை லீகான ஏ.எஃப்.எல். கிளப்புகளுக்குள் வந்தார்கள். மூவரும் ஃபார்வர்டுகள், மூவருக்கும் அபாரமான திறமை. மூவரையும் ஏதோ ஒரு கட்டத்தில் ரசிகர்கள் "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று கைகழுவினார்கள். ஆனால் கிளப்புகள் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தன. ஒரு கிளப் கீழே இறக்கியது. ஒன்று விடமாட்டேன் என்று பிடித்து வைத்தது. இன்னொன்று நல்ல விலை கிடைக்கும்போதே விற்றது. இந்த மூன்றில் எது சரி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். கோல் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் தோற்றார்கள், அது ஏன் குறைந்தது என்று பார்த்தவர்கள் பிழைத்தார்கள் என்பது என் கட்சி.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் நீள்வட்ட மைதானத்தில், பக்கத்துக்கு 18 பேர் ஆடுவது. கோல்கீப்பர் கிடையாது. நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துச் சின்னக் கம்பத்துக்குள் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளிதான். 15 மீட்டராவது பறந்து வந்த உதையை நேராகப் பிடித்தால் அது 'மார்க்'. கம்பத்துக்கு அருகில் மார்க் பிடித்தவர், எதிராளி தொந்தரவில்லாமல் 30 வினாடிக்குள் நிதானமாக உதைக்கலாம். அதற்குப் பெயர் செட் ஷாட்.

ஒரு ஃபார்வர்டின் ஃபார்ம் சரிகிறபோது முதலில் காட்டிக்கொடுப்பது இந்தச் செட் ஷாட்தான். ஓடி வந்து, பந்தின் கூர்முனை சரியாக நிற்கும்படி கையிலிருந்து விட வேண்டும். கை விடுவதற்கும் பூட்ஸ் தொடுவதற்கும் நடுவே உள்ள அந்தக் கணத்தில் பந்து ஒரு விரல் அளவு சாய்ந்தால் போதும், 35 மீட்டர் தூரம் போவதற்குள் கோல் ஆக வேண்டியது பிஹைண்ட் ஆகிவிடும். மனது குழம்பினால் கை குழம்பும். நம் ஊர் கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுவதா அடிப்பதா என்று தடுமாறும் பேட்ஸ்மேன் நினைவுக்கு வருகிறாரா? அதே கதைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பேட்ஸ்மேனுக்கு பந்து எப்படியும் வந்து சேரும். ஃபார்வர்டுக்கு மிட்ஃபீல்டர்கள் அனுப்பினால்தான் வரும். ஆகவே கோல் குறைந்த எல்லா ஃபார்வர்டும் ஃபார்ம் இழந்தவர் அல்ல.

ஸ்ட்ரிங்கர்: கீழே இறக்கியது பலித்தது, ஆனால் ஒரு முறைதான்

2016-ல் ஸ்ட்ரிங்கர் 42 கோல் அடித்தார். கேட்க மோசமில்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு கணக்கு இருந்தது. பந்து தன்னிடம் இல்லாதபோது துரத்துவது, எதிரணி பின்கள வீரரை மடக்குவது போன்ற வேலையில் அவர் தளர்ந்திருந்தார். லூக் பெவரிட்ஜ் பயிற்சியில் இருந்த புல்டாக்ஸ் அந்த உழைப்பின் மேல்தான் நின்றது. இறுதிச் சுற்றுக்குச் சற்று முன்னால் பெவரிட்ஜ் அவரைக் கீழே இறக்கினார். முந்தைய வருடத்து ஆல்-ஆஸ்திரேலியன், அடுத்த நிலை லீகான வி.எஃப்.எல்.-இல் புல்டாக்ஸின் ரிசர்வ் அணியான ஃபுட்ஸ்கிரேவுக்குப் போய் ஆடினார்.

இறுதிச் சுற்றுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். பட்டியலில் 7-ஆம் இடத்தில் இருந்த புல்டாக்ஸ் நாலு போட்டியையும் வென்று, கிராண்ட் ஃபைனலில் சிட்னியை வீழ்த்தி, 62 வருடத்துக்குப் பிறகு கோப்பை வாங்கியது. கீழே இறக்குவது கடுமையான வைத்தியம். ஆனால் அந்த வருடம் அது சரியான வைத்தியமும்கூட. உடம்பு நன்றாக இருந்து உழைப்பு மட்டும் குறைந்த ஆட்டக்காரருக்கு அதுதான் பொருந்தும்.

அடுத்த வருடமே அது தீர்ந்துபோனது. 2017-ல் ஆட்டம் மேலும் இறங்கியது. சீசன் முடிவில் புல்டாக்ஸ் அவரை எசெண்டனுக்கு டிரேட் செய்து, டிராஃப்டில் 25, 30 என்ற இரண்டு தேர்வுகளை வாங்கிக்கொண்டது. டிராஃப்ட் என்பது கிளப்புகள் வரிசைப்படி, சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் முறை; அதில் எண் சிறியதாக இருந்தால் மதிப்பு அதிகம். ஐந்தாவது ஆளாக எடுத்தவரை, 23 வயதில், இரண்டு இரண்டாம் சுற்று விலைக்கு விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் அது மலிவாகத்தான் படுகிறது.

எசெண்டன் வேறு வழி பிடித்தது. ஃபார்வர்டு மூலையில் நிறுத்தி வைக்காமல் இடையிடையே மிட்ஃபீல்டுக்கும் அனுப்பியது. 2021-ல் அது நன்றாகப் பலித்து, நடுக்களத்துக்கும் போய்வந்தபடியே 41 கோல் அடித்தார். பந்து தன்னைத் தேடி வரும்வரை காத்திருக்கும்போது சோர்ந்துபோகிற ஆட்டக்காரர் இவர். பந்தை நோக்கி அனுப்பினால் விழித்துக்கொள்கிறார். இதைக் கண்டுபிடித்ததற்கு எசெண்டனுக்கு மார்க் போட வேண்டும்.

டேனிஹர்: இடுப்பு வலிக்கு யாரைக் குறை சொல்வது?

டேனிஹர் கதையை 'ஃபார்ம் சரிவு' என்று எழுதுவதே தப்பு என்பேன். 2017-ல் 65 கோல், ஆல்-ஆஸ்திரேலியன். அதற்கடுத்த மூன்று சீசன்களில் எசெண்டனுக்கு ஆடியது மொத்தமே 15 போட்டி: 2018-ல் 7, 2019-ல் 4, 2020-ல் 4. இடுப்பெலும்பு மூட்டைச் சுற்றி வரும் வீக்கமும் தொடை இடுக்கு வலியும் காரணம். உதைக்கிற ஆட்டத்தில் உதைக்கும் இடத்திலேயே நோய். தாவிக் குதிக்கவும் முடியாது, திரும்பி உதைக்கவும் முடியாது.

போதாததற்குக் குடும்பப் பெயரின் பாரம் வேறு. அப்பா ஆண்டனி, பெரியப்பா, சித்தப்பா என டேனிஹர் சகோதரர்கள் நால்வரும் எசெண்டன் ஆட்டக்காரர்கள். 1990-ல் நால்வரும் ஒரே போட்டியில் அந்த அணிக்காக ஆடியிருக்கிறார்கள். அப்பா ஆடிய கிளப்புக்கே மகன் வரலாம் என்ற விதியில்தான் ஜோவும் வந்தார். அப்படிப்பட்டவர் 2019 முடிவில் சிட்னிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். எசெண்டன் மறுத்தது.

பிடித்து வைத்தது தப்பு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எசெண்டன் பார்த்தது ஒரு புண்பட்ட உடம்பை. உடம்பு ஆறும். ஆறாத நிலையில் விற்றால் விலை கிடைக்காது. ஒரு வருடம் கழித்து அவர் ஒப்பந்தம் முடிந்து, ஃப்ரீ ஏஜென்ட்டாக பிரிஸ்பேன் லயன்ஸுக்குப் போனபோது, லீக் ஈடாகக் கொடுத்த 7-வது தேர்வு எசெண்டனுக்கு வந்தது. மூன்று வருடத்தில் 15 போட்டி மட்டுமே ஆடியவருக்கு அது நல்ல விலை.

லயன்ஸுக்குக் கிடைத்ததோ அதைவிடப் பெரிது. 2021-ல் 46 கோல், 2023-ல் 61, 2024-ல் 58. அங்கே சார்லி கேமரன் இருந்தார், எரிக் ஹிப்வுட் இருந்தார். எதிரணியின் சிறந்த பின்கள வீரர்கள் எல்லோரும் இவர் ஒருவரையே சுற்றி நிற்க முடியாது. செட் ஷாட்டில் அவர் கடைசிவரை நம்மைப் பயமுறுத்தினார் என்பது உண்மை. நேர் எதிரே இருந்து தவறவிடுவார், முடியவே முடியாத கோணத்தில் வளைத்து உள்ளே அனுப்புவார். 2024 கிராண்ட் ஃபைனலில் லயன்ஸ் சிட்னியை 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அத்தோடு 30 வயதில் ஓய்வு அறிவித்துவிட்டார்.

ஹோகன்: விற்றவரும் வென்றார், வாங்கியவரும் வென்றார், நடுவில் ஒரு கிளப் தோற்றது

மூன்றில் எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

மேற்கு ஆஸ்திரேலியப் பையன். 2012-ல் 17 வயது ஆட்டக்காரர்களுக்காக நடந்த சிறு டிராஃப்டில் மெல்பர்ன் அவரை எடுத்தது. அவரை எடுக்கும் உரிமையை மெல்பர்னுக்கு விற்ற கிளப் ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) ஜயன்ட்ஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் 44 கோல் அடித்து, சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினார். மறுவருடம் 41.

2017-ல் அப்பா இறந்தார். அதே வருடம் ஹோகனுக்கு விரைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அந்த சீசனில் 10 போட்டி, 20 கோல். வெறும் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது சரிவு. எனக்கு, அந்த 20 கோலை எப்படி அடித்தார் என்பதே ஆச்சரியம். 2018-ல் 47 கோலோடு திரும்பினார். ஆனால் பாத எலும்பில் ஏற்பட்ட காயத்தால் இறுதிச் சுற்றில் ஆட முடியவில்லை.

அந்த வருட முடிவில் மெல்பர்ன் அவரை ஃப்ரீமேன்டிலுக்கு விற்றது. கைக்கு வந்ததில் முக்கியமானது 6-வது தேர்வு. அதைக் கொடுத்து கோல்ட் கோஸ்ட்டிலிருந்து பின்கள வீரர் ஸ்டீவன் மேயை வாங்கினார்கள். 2021-ல் மெல்பர்ன் 57 வருடத்துக்குப் பிறகு கோப்பை வென்றபோது பின்களத்தின் தூண்களில் ஒருவர் மே. விலை உச்சத்தில் இருக்கும்போது விற்று, தனக்கு இல்லாததை வாங்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தவிர, டாம் மெக்டொனால்ட் 2018-ல் 53 கோல் அடித்திருந்தார், அதனால் ஹோகன் இல்லாமலும் சமாளிக்க இடமிருந்தது.

ஃப்ரீமேன்டில்தான் பாவம். 700 கோல் அடித்த மேத்யூ பாவ்லிச் 2016-ல் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பெரிய ஃபார்வர்டுக்காகத் தவித்த கிளப். சொந்த மாநிலத்துக்கே பிள்ளை திரும்பி வருகிறான் என்று கொண்டாடினார்கள். முழுக் குணமாகாத கால், துக்கம், ஊரே பார்க்கிற பார்வை. மனநலச் சிக்கலுக்காக அவர் விடுப்பு எடுக்க வேண்டிவந்தது. இரண்டு சீசனில் 19 போட்டிதான். 2020 முடிவில் 54-வது தேர்வுக்குக் கைமாறினார். 6-இலிருந்து 54-க்கு, இரண்டே வருடத்தில். சந்தை ஒரு மனிதனை இப்படித்தான் எடைபோடும்.

வாங்கியது யார்? 2012-ல் விற்ற அதே ஜி.டபிள்யூ.எஸ்.

அவர்கள் வந்த உடனே கோல் கேட்கவில்லை. கால் ஆறட்டும் என்று விட்டார்கள். ஃபார்வர்டு பகுதியின் தலைவன் டோபி கிரீன்தான், எல்லாக் கண்ணும் அவர்மேல். ஹோகன் இரண்டாம் ஆளாக, ஓசையில்லாமல் ஆட முடிந்தது. 2023-ல் ஆடம் கிங்ஸ்லி பயிற்சியாளராக வந்து ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டினார். எதிரணிப் பின்களம் கூடிச் சேர்வதற்குள் பந்து முன்னால் பறந்துவிடும். திறந்த இடத்தில் ஒருவருக்கு ஒருவர் என்று நின்றால் ஹோகனின் கையை வெல்ல ஆள் குறைவு. 2023-ல் 49 கோல். 2024-ல் இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஆட்டங்களிலேயே 69 அடித்து, அதிக கோலுக்கான கோல்மேன் மெடலை வாங்கினார். ஆல்-ஆஸ்திரேலியன் இடமும் வந்தது. 54-வது தேர்வு!

இன்னொரு வழியும் உண்டு, இடத்தையே மாற்றுவது. மேலே சொன்ன மெக்டொனால்ட் பின்களத்திலிருந்து முன்களத்துக்கு வந்து 53 அடித்தவர். பிறகு அங்கே சரிந்தபோது மறுபடி பின்களத்துக்கே போய் 2024-ல் பயனுள்ள ஆட்டக்காரரானார். ஆனால் எல்லாருக்கும் இரண்டு தொழில் தெரிந்திருக்காது. ஸ்ட்ரிங்கரைப் பின்களத்தில் நிறுத்துவதை நான் யோசித்துக்கூடப் பார்க்க மாட்டேன்.

வரிசைப்படுத்தச் சொன்னால், வாங்கியவர்களில் ஜி.டபிள்யூ.எஸ். முதலிடம், பிரிஸ்பேன் அடுத்து. பிரிஸ்பேன் கோப்பையே வாங்கியது, ஆனால் டேனிஹரின் உடம்பு ஆறினால் போதுமானதாக இருந்தது. ஹோகனுக்கு அதைவிட நிறைய ஆற வேண்டியிருந்தது. விற்றவர்களில் மெல்பர்னை யாரும் நெருங்க முடியாது. கீழே இறக்குகிற வழியை, உழைப்பு குறைந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும், ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம். துக்கத்தில் இருப்பவரை வி.எஃப்.எல்.-க்கு அனுப்பி என்ன கற்றுக்கொடுக்கப்போகிறோம்?

2024 அரையிறுதிச் சுற்றில் ஜி.டபிள்யூ.எஸ்.-ஸும் பிரிஸ்பேனும் சிட்னியில் மோதின. ஒரு பக்கம் ஹோகன், மறு பக்கம் டேனிஹர். 44 புள்ளி பின்தங்கியிருந்த பிரிஸ்பேன் துரத்தி வந்து 5 புள்ளியில் வென்றது. கடைசி நிமிடங்களில் முன்னிலை தந்த கோல் டேனிஹருடையது. நான்கு வருடத்துக்கு முன் யாருக்கும் வேண்டாதவர்களாக இருந்த இருவர் ஒரே மைதானத்தில் இப்படி ஆடியதைப் பார்த்தபோது, எந்த அணி ஜெயித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான் என்று இருந்தது.

அந்த சீசனில் ஸ்ட்ரிங்கர் எசெண்டனுக்காக 42 கோல் அடித்திருந்தார், 2016-இல் அடித்த அதே எண்ணிக்கை. சீசன் முடிந்ததும் எசெண்டன் அவரை 53-வது தேர்வுக்கு ஜி.டபிள்யூ.எஸ்.-க்கு அனுப்பிவிட்டது. வயது 30, உடம்பு பழையபடி இல்லை, ஒப்பந்தக் கணக்கும் இருக்கும், எல்லாம் சரி. ஆனால் 42 கோலை அந்த விலைக்குக் கொடுத்த கிளப்பின் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை. அந்த 42 கோலை மறுவருடம் யார் அடிப்பார் என்று கேட்டுப் பார்த்துவிட்டல்லவா விற்றிருக்க வேண்டும்.