குடும்பவாரியா, நிலவாரியா?

ஒரு தாவரவியல் பூங்காவில் எதற்குப் பக்கத்தில் எதை நடுவது? பெரிய பூங்காக்கள் இதில்தான் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. உறவுள்ள செடிகளை ஓரிடத்தில் வைப்பது ஒரு கட்சி. ஒரே நிலப்பகுதியில் வளர்பவற்றைச் சேர்த்து வைப்பது மற்றது.

குடும்பவாரிக்கு நல்ல உதாரணம், பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1872-ல் தொடங்கிய ஆர்னால்ட் மரத்தோட்டம். 281 ஏக்கர். மரங்கள், பெந்தாம், ஹூக்கர் என்ற இரு பிரிட்டிஷ் தாவரவியலாளர்கள் வகுத்த குடும்ப வரிசையில் நடப்பட்டன. இந்த முறையின் பலன் டூலிப் மரத்தில் பளிச்சென்று தெரியும். அந்தப் பேரினத்தில் இன்று எஞ்சியவை இரண்டே இனங்கள்: ஒன்று வட அமெரிக்காவின் கிழக்கில், மற்றது சீனா, வியட்நாம் பக்கம். அருகருகே நட்டால் இலையோடு இலை வைத்து ஒப்பிடலாம். நிலவாரித் தோட்டத்தில் ஒன்று அமெரிக்க மூலையிலும் மற்றது ஆசிய மூலையிலும் நிற்கும். இரண்டும் சொந்தம் என்பதே கண்ணில் படாது.

ஆனால் வகைப்பாடு மாறும், மரம் நகராது. டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தபின் தேக்கு துளசிக் குடும்பத்துக்குப் போய்விட்டது. எருக்கு அரளியோடு சேர்ந்தது. அல்லியின் பங்காளி என்று நம்பிய தாமரை, மேலைநாட்டுத் தெருவோரங்களில் நிற்கும் பிளேன் மரத்துக்கு நெருங்கிய சொந்தமாம்! லண்டன் கியூ பூங்கா தன் பழைய குடும்பப் பாத்திகளைக் கலைத்துவிட்டு, டி.என்.ஏ. காட்டும் உறவுப்படி புதிய தோட்டத்தை 2019-ல் திறந்தது. பெரும்பாலும் சிறுசெடிகள் என்பதால் முடிந்தது. நூறு வயது ஓக் மரத்தை அப்படிப் பெயர்த்து வைக்க முடியுமா? (ஸ்வீடனின் உப்சாலாவில், செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் தோட்டம் மட்டும், மகரந்தத்தாள்களை எண்ணிப் பிரிக்கும் அவருடைய முறையிலேயே இன்றும் இருக்கிறது. அது நினைவுச்சின்னம், அந்தச் சலுகை அதற்கு உண்டு.)

தோட்டக்காரர்களுக்கு வேறு தலைவலிகள். மழைக்காட்டு ரப்பரும் வறண்ட நிலத்துக் கள்ளியும் ஒரே ஆமணக்குக் குடும்பம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதற்கு ஏற்ப நீர் விடுவது? நோய் அதைவிட மோசம். நெருங்கி நிற்கும் எல்ம் மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டச்சு எல்ம் நோய்ப் பூஞ்சை அந்த வழியாகவே மரத்துக்கு மரம் தாவும்.

நிலவாரியில் இந்தத் தொல்லைகள் குறைவு. ஒரே சீதோஷ்ணத்துச் செடிகள் கூட்டாக இருப்பதால் மண்ணும் நீரும் ஏறத்தாழ ஒத்துப்போகும். குடும்பப் பெயர் எத்தனை முறை மாறினாலும் இமயமலை இமயமலைதான். திணைக்குத் திணை மரம் பிரித்துப் பாடிய மொழியில் படிப்பவர்களுக்கு இது இயல்பாகவே பிடித்தும் போகும். ஓட்டை இல்லாமல் இல்லை: லண்டன் பிளேன் மரம் அமெரிக்க இனமும் கீழை இனமும் கலந்த கலப்பு. அதை எந்தக் கண்டத்தில் நடுவது?

என் ஓட்டு, பாத்திச் செடிகளுக்குக் குடும்பவாரி, மரங்களுக்கு நிலவாரி. பெர்லின் டாலெம் பூங்காவை 1897 முதல் 1910 வரை உருவாக்கிய ஜெர்மன் தாவரவியலாளர் அடோல்ஃப் ஏங்லர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். தன் பெயரிலேயே ஒரு வகைப்பாட்டு முறை கொண்ட அவர், ஆல்ப்ஸ் முதல் இமயம் வரை நடந்து பார்க்கும்படி நிலவாரிப் பகுதி ஒன்றை அமைத்தார். மரங்களுக்கோ தனியே குடும்பவாரித் தோட்டம் வைத்தார். 43 ஹெக்டேர் கையில் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்தான்.