வாக்கியத்துக்குள் வரும் எண்: ஸ்வீவ், நிட்டர், ஜூபிட்டர், குவார்ட்டோ

நான் எழுதிய ஓர் ஆய்வறிக்கையில் அட்டவணை 410 பேர் என்றது, அதன் கீழே இருந்த பத்தி 412 பேர் என்றது. இரட்டைப் பதிவுகள் இரண்டை நீக்கி அட்டவணையைப் புதுப்பித்தவன், பத்தியைத் தொட மறந்துவிட்டேன். அதன்பின், எழுத்தையும் கணக்கிடும் நிரலையும் ஒரே கோப்பில் வைத்து அறிக்கை தயாரிக்கும் எந்தக் கருவியிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: வாக்கியத்துக்கு நடுவே வரும் எண்ணையும் நிரலே போட்டுக்கொடுக்குமா?

ஸ்வீவ் 2002-லேயே அதைச் செய்தது. ஃப்ரீட்ரிக் லைஷ் உருவாக்கியது. புள்ளியியலுக்கான ஆர் என்ற நிரல்மொழியை நிறுவினாலே கூடவே வந்துவிடும். ஆவணத்தைக் கட்டளைகளால் வடிவமைக்கும் லேட்டெக் தெரிந்திருக்க வேண்டும். படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு நிரல் துண்டிலும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு எழுத்தைத் திருத்தினாலும் கணக்கு முழுவதும் முதலிலிருந்து ஓடும்.

2012-ல் யீஹுய் ஷியேவின் நிட்டர் வந்ததும் இந்தத் தொல்லைகள் தீர்ந்தன. ஒரு துண்டில் எத்தனை படம் வரைந்தாலும் தானே எடுத்துக்கொள்ளும், எளிய குறிகளால் எழுதும் மார்க்டவுனிலும் எழுதலாம். நேரம் பிடிக்கும் கணக்குகளின் விடையைச் சேமித்தும் வைக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். நிரல் அப்படியே இருந்து தரவுக் கோப்பு மட்டும் மாறினால், நாம் தனியாகச் சொல்லிவைக்காதவரை அது பழைய விடையையே தரும். என் 412 திரும்பி வர அந்த ஒரு வழி போதும். கடைசிப் பிரதி எடுக்கும் முன் சேமிப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

தரவைத் துழாவிப் பார்க்க, நிரலையும் விடையையும் ஒரே நோட்டில் காட்டும் ஜூபிட்டர் அருமையான இடம். ஆனால் அதிலுள்ள செல்களை, அதாவது நிரலோ எழுத்தோ இடும் பெட்டிகளை, எந்த வரிசையிலும் ஓட்டலாம். ஒரு செல்லை ஓட்டியபின் அழித்தாலும் அதில் உருவான மாறி நினைவில் நிற்கும், இன்றைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். நாளை புதிதாகத் திறந்து ஓட்டினால் பிழை வரும். எழுத்துச் செல்லுக்குள் நிரலின் எண்ணைக் கொண்டுவரும் வசதியும் அதில் இயல்பாக இல்லை. அறிக்கைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பதில் குவார்ட்டோ. 2022-ல் ஆர்ஸ்டுடியோ நிறுவனம் (இன்றைய போசிட்) அறிவித்தது. ஆர் நிரலுக்கு நிட்டரையும் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு ஜூபிட்டரையும் உள்ளே வைத்து ஓட்டுகிறது. 1.4 பதிப்பிலிருந்து பைத்தான் எண்ணும் வாக்கியத்துக்குள் வருகிறது. ஒரே கோப்பிலிருந்து பிடிஎஃப், வேர்ட், இணையப் பக்கம் மூன்றும் கிடைக்கும். ஸ்வீவில் நன்றாக ஓடும் பழைய ஆவணத்தை மட்டும் இதற்காகப் பிரிக்க வேண்டாம்.

அப்புறம், வேர்ட் பிரதியில் ஆய்வு வழிகாட்டி செய்யும் திருத்தம் மூலக் கோப்புக்குத் தானாக வராது. அதை நீங்கள்தான் கையால் ஏற்ற வேண்டும். அப்போதும் எண்ணை மட்டும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள், அதை நிரலே தரட்டும்.