தோளில் இரண்டு திருகு போட்டதாகச் சொல்லி 2,65,000 ரூபாய் வாங்கினார்கள், ஸ்கேனில் ஒரு திருகுகூட இல்லை

நேற்று மதியம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு டாக்டர், என் தம்பியின் வலது தோள்பட்டை சி.டி. ஸ்கேனைத் திரையில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "திருகு போட்டதா சொல்றீங்களே, எங்கேம்மா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் பில்லை எடுத்து நீட்டினேன். அதில் 'டைட்டானியம் ஸ்க்ரூ - 2' என்று அச்சடித்தே இருக்கிறது. அவர் பில்லையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தோள் நழுவி ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தம்பி கபடி ஆடுகிறவன். மூன்று வருடத்துக்கு முன்னால் பொங்கல் மேட்ச்சில் ஒருத்தனைப் பிடிக்கப் போய்த் தோள் நழுவியது. ஊரில் கட்டுப் போடுகிற வைத்தியர் இழுத்து உள்ளே தள்ளினார், புத்தூர் கட்டு எண்ணெய் தடவினோம், சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். அப்புறம் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் நழுவும், சட்டையைக் கழற்றினால் நழுவும், தூக்கத்தில் கூட நழுவும். பதினோரு தடவை ஆகியிருக்கிறது. தூங்கும்போது கை தலைக்கு மேலே போய்விடக் கூடாது என்று அம்மா அவன் மணிக்கட்டைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள்.

கடைசியில் டவுனில் உள்ள ஒரு தனியார் எலும்பு மருத்துவமனைக்குப் போனோம். பெயரைப் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். மூன்று மாடி, வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே பிள்ளையார் சிலை, அவ்வளவு போதும்.

அங்கே இருந்த டாக்டர் தம்பியிடம் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை. "ரைடரா, டிஃபண்டரா? எந்தக் கார்னர்?" என்றார். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை பார்த்த எல்லோரும் கபடியை விட்டுத் தொலை என்றுதான் சொல்லியிருந்தார்கள். மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் தோள் எலும்பை எடுத்து அவன் கையில் கொடுத்து, பந்து மாதிரி இருக்கிற எலும்பு நழுவும்போதெல்லாம், அது உட்கார்ந்திருக்கிற எலும்புக் கிண்ணத்தின் முன் விளிம்பை உரசி உரசித் தேய்த்துவிடுகிறது, விளிம்பு உடைந்த தட்டில் எலுமிச்சம்பழம் நிற்குமா என்று கேட்டார். தசைநாரைத் தைத்தால் மட்டும் போதாது, எலும்பையே வைத்துக் கட்ட வேண்டும் என்றார். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். தோளுக்கு முன்னால் காக்கை அலகு மாதிரி ஒரு சின்ன எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை அதில் ஒட்டியிருக்கும் தசைநாரோடு வெட்டி எடுத்து, தேய்ந்துபோன விளிம்பில் வைத்து இரண்டு திருகால் முடுக்கிவிடுவோம் என்றார். பேனாவால் இரண்டு புள்ளி வைத்தார். "ரெண்டு திருகு. அப்புறம் இது எங்கேயும் போகாது, ஆறு மாசத்துல ஆடலாம்."

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அந்த இரண்டு புள்ளிகளோடு. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. நேற்று அரசு டாக்டரும் அதையேதான் சொன்னார். 1954-ல் லட்டார்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிய முறையாம், உலகம் முழுக்கச் செய்கிறார்களாம். செய்ய வேண்டியது என்ன என்று அந்தத் தனியார் ஆஸ்பத்திரி ஆளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்.

மொத்தம் 2,65,000 ரூபாய், எல்லாம் சேர்த்துப் பேக்கேஜ் என்றார்கள். என் வளையல் நான்கையும் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியையும் அடகு வைத்தோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்று சொன்னேன், இங்கே அது இந்த ஆபரேஷனுக்குச் செல்லாது என்றார்கள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டோம். எங்கே செல்லும் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, அது எங்கள் தப்பு.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது தோளில் மூன்று சின்னத் துளைத் தழும்புதான். பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? எலும்பையே வெட்டி வைத்திருக்கிறார்கள், தழும்பு பயறு அளவுதான் என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். எலும்பை வைத்துத் திருகு போட்டால் பெரும்பாலும் முன்பக்கம் ஒரு விரல் நீளத்துக்காவது கீறல் இருக்கும் என்பது எங்களுக்கு யார் சொல்லித் தெரியும்? ஆபரேஷனுக்கு மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்களா என்றால் எடுத்தார்கள். அதைக் கையில் கொடுக்கவில்லை, "ஃபைல்ல இருக்கு" என்றார்கள்.

ஐந்தாம் மாதம், சைக்கிள் கேரியரில் அரிசிப் பையைத் தூக்கி வைக்கும்போது மறுபடி நழுவியது. அவன் கத்தவே இல்லை. கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, திரும்ப வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து அந்த மருத்துவமனைக்கு ஏழு தடவை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவை டாக்டர் தியேட்டரில் இருக்கிறார். மூன்றாவது தடவை பார்த்தார், நின்றுகொண்டே பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. பிசியோ சரியாகச் செய்யவில்லை என்றார். பிசியோ அங்கேயே இரண்டாவது மாடியில்தான் செய்தோம், ஒரு நாளைக்கு 400 ரூபாய் கட்டி, 30 நாள், அந்த ரசீதும் இருக்கிறது. அப்புறம் அவர் "கான்ஃபரன்ஸ்" போய்விட்டார், இன்னும் வரவில்லை.

நேற்று ஸ்கேனோடு நேராக அங்கேதான் போனேன். மேனேஜர் என்று ஒருவர் வந்தார். திருகைக் காணவில்லை என்றேன். ஸ்கேனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு அவர் சொன்னது: "அது கரையுற டைப் மேடம், அஞ்சு மாசத்துல கரைஞ்சிடும்." உங்கள் பில்லில் டைட்டானியம் என்று போட்டிருக்கிறதே சார், டைட்டானியம் கரையுமா என்று கேட்டேன். பில்லைத் திரும்ப வாங்கப் பார்த்தார், நான் விடவில்லை. உடனே பேச்சு மாறிவிட்டது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபோது எலும்பு வைக்கத் தேவைப்படவில்லையாம், டாக்டர் நல்லது நினைத்து அந்த நேரத்தில் முடிவு எடுத்தாராம், அதனால் தைத்து மட்டும் விட்டாராம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வைக்காத திருகுக்கு 38,000 ரூபாய் எதற்கு? வெட்டாத எலும்பை வெட்டியதாக 2,65,000 ரூபாய் எதற்கு? "பேக்கேஜ் பேக்கேஜ்தான் மேடம், அதுல பிரிச்சுப் பார்க்க முடியாது." இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். செக்யூரிட்டி தம்பி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான், பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

கேஸ் ஷீட் கேட்டேன், பதினைந்து நாள் ஆகும் என்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எதிர்வீட்டு நர்ஸ் பெண் படித்துப் பார்த்தாள். அதில் ஆபரேஷன் பெயர் 'பாங்கார்ட் ரிப்பேர்' என்று இருக்கிறது, அதாவது விளிம்பைத் தைக்கிற ஆபரேஷன். பில்லில் 'லட்டார்ஜே'. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நாள், ஒரே தோள், இரண்டு காகிதத்தில் இரண்டு பெயர். ஐந்து மாதமாக இரண்டும் என் பையில் ஒன்றாகவே இருந்தன.

அரசு டாக்டர் அளந்து சொன்னது, கிண்ணத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு எலும்பு இல்லை. இவ்வளவு தேய்ந்திருக்கும்போது, அதுவும் பிடித்து இழுத்து ஆடுகிற ஆட்டக்காரனுக்கு, நார் மட்டும் தைத்தால் நிற்காது என்றார். அந்தக் காக்கை அலகு எலும்பு வெட்டுப்படாமல் முழுசாக அப்படியே இருக்கிறது, கிண்ண விளிம்பில் நூல் ஆணி, அதாவது தைக்கிற நூலை எலும்பில் பிடித்து வைக்கிற சின்ன ஆணி, அடித்த மூன்று துளைதான் தெரிகிறது என்று திரையில் தொட்டுக் காட்டினார். இனி அதே எலும்பை எடுத்து வைத்து முறையாகச் செய்ய வேண்டும், அவர்களே செய்வார்கள், காப்பீட்டு அட்டைக்கு மனு போட்டிருக்கிறோம். ஆனால் ஏற்கெனவே துளைத்த இடத்தில் மறுபடி செய்வது முதல் தடவை மாதிரி சுலபம் இல்லையாம். அதைக் கேட்டுத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வளையல் போனது கூட எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை, அவன் இரண்டு தடவை கத்தியின் கீழே படுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் தாங்கவில்லை.

என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன், அவசரமாக எழுதுகிறேன். பல தடவை நழுவிய தோள் என்றால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே சி.டி. எடுத்து எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள், எங்களுக்கு எம்.ஆர்.ஐ. மட்டும்தான் எடுத்தார்கள். கையெழுத்துப் போடும் தாளில் ஆபரேஷன் பெயர் எழுதியிருக்கிறதா பாருங்கள், நான் வெறும் தாளில் போட்டேன். திருகு, ஆணி எது வைத்தாலும் அதன் பெட்டியில் எண்ணோடு ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், உங்களுக்கு ஒரு நகல் வாங்கிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் கையோடு வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவர் நெறிமுறை விதியே இருக்கிறதாம், பதினைந்து நாள் என்பது சும்மா. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இது வக்கீல் சொன்னது.

இன்னும் இருக்கிறது, எனக்கு இப்போது ஓடவில்லை. பதிவுகளைக் கேட்டு எழுதிய மனுவை இன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும், தபால் ஆபீஸ் மூடுவதற்குள் கிளம்புகிறேன்.