பிராசசரை நிறுத்த எந்த வழி: சோலாரிஸ், லினக்ஸ், பூட் அளவுரு

"அடுத்த மெஷினுக்கு நாலு பிராசசர் போதுமா தம்பி?" காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன் கேட்டார். அவரிடம் இருப்பது லினக்ஸ் சர்வர், எட்டு சிபியு, அதாவது சிஸ்டம் எண்ணிக் காட்டும் எட்டு பிராசசர். பாதியை நிறுத்திவிட்டு, பில் போடும் நேரத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் நேர்மையான பதில்.

பலரும் முதலில் டாஸ்க்செட் என்ற லினக்ஸ் கட்டளையைத்தான் நாடுவார்கள். அது ஒரு புரோகிராமை சில சிபியுக்களில் கட்டிப்போடும், அவ்வளவுதான். மற்ற வேலைகளும் இன்டரப்டுகளும் (வன்பொருள் இடையில் அனுப்பும் அழைப்புகள்) மீதி சிபியுக்களில் வழக்கம்போல ஓடும். வளவில் ஒருவரை மட்டும் ஓர் அறைக்குள் இருக்கச் சொல்வது போல. மற்ற அறைகள் திறந்தேதான் கிடக்கும். இந்தச் சோதனைக்கு உதவாது.

லினக்ஸில் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து, கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், நிறுத்த வேண்டிய சிபியுவின் 'ஆன்லைன்' கோப்பில் 0 எழுதினால் அது ஒதுங்கிவிடும். 1 எழுதினால் திரும்பி வரும். ரீபூட் செய்தாலும் வந்துவிடும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) மெஷின்களில் பொதுவாக சிபியு 0-ஐ மட்டும் தொட முடியாது.

இங்கேதான் கவனம் வேண்டும். ஹைப்பர்திரெடிங் என்பது ஒரு கோரை, அதாவது பிராசசருக்குள் உண்மையில் உழைக்கும் ஒரு பகுதியை, இரண்டு சிபியுவாகக் காட்டும் வசதி. அது இருந்தால் எட்டு என்பது நான்கு கோர்தான். பல மெஷின்களில் 4 முதல் 7 வரை உள்ளவை, 0 முதல் 3 வரை உள்ளவற்றின் ஜோடிகள். அந்த நான்கை நிறுத்தினால் நான்கு கோரும் அப்படியே உழைக்கும். பாதியாக்கிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சிபியுக்களைப் பட்டியலிடும் எல்எஸ்சிபியு மைனஸ் ஈ கட்டளையைப் போட்டு, கோர் பத்தியைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் சிஸ்டத்தில் இதே வேலைக்கு பிஎஸ்ஆர்ஏடிஎம் மைனஸ் எஃப் (சின்ன எஃப்) என்ற கட்டளை. ஏதாவது ஒரு திரெட் (புரோகிராமின் ஓர் ஓட்டம்) அந்த பிராசசரோடு கட்டப்பட்டிருந்தால் கட்டளை மறுத்துவிடும். கூடவே பெரிய எஃப்பும் போட்டால்தான் கட்டை அவிழ்த்துவிட்டு நிறுத்தும். லினக்ஸோ கேட்காமலே வேறு சிபியுவுக்கு நகர்த்திவிடும். சிபியு திரும்பி வந்தாலும் பழைய கட்டு தானாக வராது. பழுதோ என்று சந்தேகப்படும் பிராசசரை ஓடுகிற சர்வரில் ஒதுக்க எனக்கு சோலாரிஸின் பிடிவாதம்தான் பிடிக்கும்.

அப்புறம் பூட் அளவுருக்கள், அதாவது லினக்ஸ் கிளம்பும்போதே கெர்னலுக்குக் கொடுக்கும் குறிப்புகள். மேக்ஸ்சிபியுஸ் 4 என்று கொடுத்தால் மீதியைப் பிறகு எழுப்பலாம். என்ஆர்_சிபியுஸ் 4 என்றால் அடுத்த ரீபூட் வரை முடியாது. டேட்டாபேஸ் போன்றவை கிளம்பும்போதே சிபியுக்களை எண்ணி அதற்கேற்பத் திரெட்களை வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்காக மட்டும் முழு சர்வரையும் ரீபூட் செய்யத் தேவையில்லை. அதனால் அண்ணன் கடைக்கு, ஹைப்பர்திரெடிங் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, ஆன்லைன் கோப்பு வழியையே எடுப்பேன். நிறுத்தியதும் டேட்டாபேஸை மட்டும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.