ரியர் புரொஜெக்‌ஷன் டிவி: ஐ.சி. மாற்றியும் தீராத கோபம்

வெள்ளை எழுத்து மறுபடியும் வெள்ளையாகத் தெரிகிறது. டிவியின் ஐ.சி. என்னும் மின்னணுச் சில்லை மாற்றும் வரை ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே ஒரு சிவப்பு நிழல், கீழே ஒரு நீல நிழல்; திரையின் ஓரத்துக்குப் போகப் போக இரண்டும் வில்லாக வளைந்து விலகி நின்றன. பழைய ரியர் புரொஜெக்‌ஷன் டிவி, அதாவது பெட்டிக்குள்ளிருந்து திரையின் பின்பக்கத்தில் படத்தை வீசும் டிவி, வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நிறங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் கன்வர்ஜென்ஸ் ஐ.சி. போய்விட்டது.

என்னுடையது பிக்சர் டியூப் வகை. விளக்கு போட்டு ஓட்டும் டி.எல்.பி., எல்.சி.டி. வகைகளின் கதை வேறு. அவற்றில் இந்தத் தலைவலி கிடையாது, வேறு தலைவலிகள் உண்டு. டியூப் வகையின் இருட்டுக்கு ஈடு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் இரவுக் காட்சி வந்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், சாம்பல் பூசியதுபோல் வெளிறாது. எலெக்ட்ரான் கற்றை படாத இடத்தில் டியூப் எரிவதே இல்லை என்பதுதான் காரணம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனி டியூப்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் உள்ள பச்சை மட்டுமே, படத்தைத் திரைக்குத் திருப்பிவிடும் கண்ணாடியை நேராகப் பார்க்கிறது. மற்ற இரண்டும் சாய்ந்து பார்ப்பதால் அவற்றின் படம் கோணலாகத்தான் விழும். அந்தக் கோணலை நிமிர்த்த ஒவ்வொரு டியூபின் கழுத்திலும் படுக்கைவாட்டுக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என இரண்டு சுருள்கள். ஆக ஆறு சுருள்கள். ஆறுக்கும் மின்சாரம் ஊட்டுபவை எஸ்.டி.கே. என்ற வகையைச் சேர்ந்த இரண்டே இரண்டு கன்வர்ஜென்ஸ் ஐ.சி.க்கள், ஒன்றுக்கு மூன்று வீதம். டிவி ஓடும் நேரம் முழுவதும் அவற்றுக்கு ஓய்வே இல்லை. இவ்வளவு வேலை வாங்கும் ஐ.சி.யை வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கில் திருகி, பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். திறந்து பார்த்தபோது இடையில் தடவியிருந்த வெப்பம் கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தது. பசை காய்ந்தால் வெப்பம் இறங்காது. வெப்பம் இறங்காவிட்டால் ஐ.சி. சாகும். இது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத விஷயமா? என் கோபம் முழுவதும் இங்கேதான்.

பழுதுபார்ப்பது நல்ல கை உள்ளவருக்குக் கடினமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும், கெபாசிட்டர்களில் மின்னேற்றம் இறங்கியதை மீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். டியூபின் உயர் அழுத்த வயர் பக்கம் கை போகவே கூடாது. அங்கே ஓடுவது ஏறக்குறைய 30,000 வோல்ட். ஐ.சி.க்களில் ஒன்றுதான் செத்திருந்தாலும் இரண்டையும் மாற்றுவதே சரி. அதைவிட முக்கியம், அவற்றைச் சுற்றியுள்ள, சில ஓம் மட்டுமே மதிப்புள்ள ரெசிஸ்டர்களையும் சிறு ஃபியூஸ்களையும் ஒவ்வொன்றாக அளப்பது. உள்ளே இணைப்பு அறுந்துபோன ஒரு ரெசிஸ்டரை விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால் நிறங்கள் அப்படியே விலகி நிற்கும், புது ஐ.சி.யும் கூடவே போகலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று போலி ஐ.சி. வாங்க வேண்டாம். மேலே அச்சடித்த எண் அசலைப் போலவே இருக்கும், உள்ளே இருப்பது தாங்காது.

பிறகுதான் உண்மையான வேலை. டிவியை அரை மணி நேரமாவது ஓடவிட்டுச் சூடாக்கி, கட்டம் போட்ட திரையை வரவழைத்து, முதலில் பச்சைக் கோடுகளை நேராக்கி, அதன் மேல் சிவப்பையும் நீலத்தையும் புள்ளி புள்ளியாக நகர்த்த வேண்டும். நடுவைச் சரிசெய்தால் மூலை விலகும், மூலையைப் பிடித்தால் பக்கத்துப் புள்ளி நழுவும். எல்லாம் சேர்ந்த பிறகு பெட்டியை வேறு திசைக்குத் திருப்பி வைத்தால், பூமியின் காந்தப்புலத்துக்கே கோடுகள் இலேசாக இடம் மாறும். இந்த வேலையை நான் ரசித்துச் செய்கிறேன். ஆனால் படம் பார்க்க வாங்கிய பொருள் இப்படி ஓயாமல் பணிவிடை கேட்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சரிசெய்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நண்பர் கேட்டார்: தெரிந்தவர் ஒருவர் இதே வகை டிவியை இலவசமாகவே தருகிறாராம், எடுத்துக்கொள்ளட்டுமா என்று. வேண்டாம் என்றேன். இவ்வளவு நேரம் புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறீர்களே என்று அவருக்கு வருத்தம். படம் நன்றாக இருக்கிறது, பொருள் நன்றாக இல்லை. என் தீர்ப்பு அதுதான்.

அவர் கேட்க மாட்டார் என்று தெரிகிறது. எனவே எடுப்பதற்கு முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டியூபுக்கும் லென்ஸுக்கும் இடையில் உள்ள குளிர்விப்புத் திரவம் கலங்கியிருந்தால் வெளிச்சத்தைச் சுற்றி மூட்டம் படரும். கசிந்திருந்தால் கீழே உள்ள போர்டை அரித்திருக்கும், அதோடு விட்டுவிடலாம். திரவம் தெளிவாக இருந்தால் ஐ.சி.க்கள் கெட்டுப்போகும் முன்பே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவற்றைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையை மெல்லியதாகத் தடவி, இறுக்கமாகத் திருகிவிட வேண்டும். தயாரித்தவர்கள் செய்யாமல் விட்ட பராமரிப்பை அவராவது முதல் நாளே செய்யட்டும்.