தோள் சிகிச்சைக்குக் கப்பியா, மோட்டாரா, சென்சாரா?

கையை முழுதாக உயர்த்தும் 180 டிகிரியில் ஏறக்குறைய 120 டிகிரி தோள் மூட்டின் வேலை, மீதி 60 தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருவது. இறுகிய தோள் இந்தக் கணக்கில் கள்ளம் செய்யும்: தோளைக் காதுப்பக்கம் தூக்கும், முதுகைப் பின்னால் சாய்க்கும், கை என்னவோ மேலே போய்விடும். இந்தக் கள்ளத்தைக் கண்டுபிடிக்குமா என்பதை வைத்தே கருவிகளை எடைபோடலாம்.

கதவில் மாட்டும் கப்பி கண்டுபிடிக்காது. எதிரே கண்ணாடி வைத்து, தோள் ஏறத் தொடங்கும் இடத்தில் கயிற்றை நிறுத்தினால் போதும். உறைந்த தோளுக்கு இது நல்ல கருவி. பக்கவாதத்தில் தளர்ந்த தோளுக்குக் கூடாது. கை வெளிப்பக்கம் திரும்பாமலே மேலே இழுபட்டு உள்ளே தசைநாண் நசுங்கும்.

மோட்டார் வைத்த சிபிஎம் (மூட்டைத் தானே தொடர்ந்து அசைக்கும் இயந்திரம்) நாற்காலி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு தசைக்கு வேலை கொடுக்காமல் கையை அசைக்கும். பலம் கூட்டாது. இயந்திரத்தின் அச்சும் மூட்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நோயாளி இரண்டு விரற்கடை கீழே சரிந்தாலும் கோடு தப்பிவிடும். திரையில் 90 டிகிரி என்று ஓடும், மூட்டு அவ்வளவு போயிருக்காது.

உடலில் கட்டிக் கோணத்தை அளக்கும் சென்சார் கள்ளத்தைப் பிடிக்கும், ஆனால் ஒன்று போதாது. மேல்கையில் மட்டும் கட்டினால், 15 டிகிரி பின்னால் சாய்ந்தவருக்கு அந்த 15-ம் சேர்ந்தே கணக்காகும். நெஞ்செலும்பில் இன்னொன்றைக் கட்டி, சாய்வைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையைத் தொங்கவிட்டுப் பூஜ்யம் வைப்பது அவசியம். வியர்வையில் பட்டை நழுவும். காந்தமானி (காந்தப்புலத்தை வைத்துத் திசை அறியும் பகுதி) உள்ள சென்சார்களை இரும்புக் கட்டில் அருகே வைத்தால் சுழற்சி அளவு தடுமாறும். தோள்பட்டை எலும்பின்மேல் மூன்றாவதாக ஒன்றை ஒட்டலாம். கை 120 டிகிரியைத் தாண்டினால் அங்கே தோல் வழுக்குவதால் அந்த எண்ணை அதிகம் நம்ப வேண்டாம்.

டென்ஸ் (தோல் வழியே நரம்பைத் தூண்டும் மின்கருவி) வலியை மட்டும், அதுவும் ஓடும்போதே அதிகம் குறைக்கும். பயிற்சியின்போதே போடுவது லாபம். பக்கவாதத்தில் இறங்கிய தோளுக்குத் தேவை தசையைத் தூண்டும் மின்கருவி, சுமார் 35 ஹெர்ட்ஸில். ஒரு பேட் தோள்பட்டை எலும்பின் மேட்டுக்கு மேலே, இன்னொன்று தோளின் பின்புறத் தசையில். மேல் பேட் கழுத்துப் பக்கம் நகர்ந்தால் தோள் குலுங்கி ஏறும். மூட்டு இடத்துக்கு வராது. பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இந்த இரண்டு மின்கருவிகளும் வேண்டாம்.