லிட்டில் மோர்ட்டன் ஹால்: பாரம் வளைத்த ஓக் மாளிகை

இங்கிலாந்தின் செஷயரில், காங்கிள்டன் நகருக்கு அருகே அகழி சூழ நிற்கும் லிட்டில் மோர்ட்டன் ஹாலை முதன்முறை காண்பவர்கள், அது சரிந்துகொண்டிருக்கிறதோ என்று அஞ்சக்கூடும். மேல்தளம் புடைத்திருக்கிறது, சன்னல் வரிசை ஏறி இறங்குகிறது, நேர்கோடு என்று சொல்லத்தக்கது எதுவுமே கண்ணில் படுவதில்லை. முதுமை மட்டும் இதற்குக் காரணமன்று. பாரம் மரத்தை என்ன செய்யும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கட்டடம் அரிது என்பதாலேயே, கட்டடக்கலையில் ஆர்வமுள்ள எவரும் இங்கே ஒரு முழுப் பகலைச் செலவிடலாம் என்கிறேன்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோர்ட்டன் குடும்பத்தார் தொடங்கிய இம்மாளிகை, அடுத்தடுத்த தலைமுறைகளில் பகுதி பகுதியாக வளர்ந்தது. கல் அடித்தளத்தின்மேல் ஓக் மரச் சட்டகம் எழுப்பி, இடைவெளிகளை நிரப்பிப் பூசியிருக்கிறார்கள். அக்காலத் தச்சர்கள் ஓக்கை ஈரம் காயுமுன்பே அறுத்து, ஒரு மரத்தின் முனையை மற்றொன்றின் துளைக்குள் செருகி, மர ஆணியால் இறுக்கினார்கள். மரம் காயக் காயச் சற்றே முறுக்கிக்கொண்டாலும் பிணைப்பு கெட்டிப்படும். சிறு வளைவுகளுக்கு இதுவே போதிய விளக்கம்.

தெற்குப் பகுதியின் பெரும் புடைப்புக்குக் காரணம் வேறு. அதன் உச்சியில் ஓடும் 68 அடி நீள நெடுங்கூடம், கட்டுமானம் தொடங்கிய பிறகே திட்டத்தில் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதன் கூரையிலோ கனத்த மணற்கல் பலகைகள். அவ்வளவு சுமையை எதிர்பாராத கீழ்த்தளச் சட்டகம் உடையாமல் வளைந்து கொடுத்தது. கூடத்தில் நடக்கும்போது தரையின் ஏற்ற இறக்கத்தைப் பாதம் உணர்கிறது; சுவர்கள் வெளியே விலகிவிடாதபடி பிற்காலத்தில் குறுக்கே பூட்டிய விட்டங்களையும் தலைக்கு மேலே காணலாம். இரு முனைகளிலும் உள்ள சுதைச் சிற்பங்களில் ஒன்று, சக்கரம் ஏந்திய அதிர்ஷ்ட தேவதை.

முற்றத்தில் சன்னல் மேலுள்ள எழுத்துகளை அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள். 1559இல் அச்சன்னல்களைச் செய்வித்த வில்லியம் மோர்ட்டனின் பெயரோடு, செய்த தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயரும் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. செல்வர் மாளிகையில் உழைத்தவன் பெயர் நிலைத்திருப்பதைக் கண்டு மனம் நெகிழ்ந்து நின்றேன்.

குறை என்று சொன்னால், கண்ணைப் பறிக்கும் கருப்பு வெள்ளைத் தோற்றத்தைச் சொல்வேன். ஆங்கிலேய மரவீடுகளுக்குக் கரிய வண்ணம் பூசுவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் வழக்கம். வண்ணமின்றி விட்டிருந்தால் ஓக் வெள்ளிச் சாம்பல் நிறமாக முதிர்ந்திருக்கும், செதுக்கு வேலையும் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

1938இல், பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் வசம் வந்த இம்மாளிகையில் பழைய அறைகலன்கள் மூன்றே எஞ்சியுள்ளன. அறைகள் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதைச் சிலர் ஏமாற்றமாகக் கருதலாம். எனக்கோ அது பெரும் பேறாகப்பட்டது, ஏனெனில் தூணிலிருந்து உத்தரத்துக்கும் உத்தரத்திலிருந்து கைமரத்துக்கும் பார்வை தடையின்றிச் செல்கிறது. நெடுங்கூடத்திலிருந்து இறங்கியதும் வெளியேறிவிடாமல், அதற்கு நேர் கீழேயுள்ள அறைகளில் நின்று மேற்கூரை மரங்களை இன்னொரு முறை பாருங்கள்.